பரிசோதித்துப் பதிப்பித்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சேறிய தமிழ் நூல்களின் முகப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமுடையோர் 'பரிசோதித்து' என்னும் சொல்லை அங்கே அடிக்கடி கண்டிருப்பர். நூலாசிரியர் பெயர் வரும். உரையாசிரியர் பெயர் வரும். அவற்றின் கீழே, இன்னார் பரிசோதித்து இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பித்தார் என்று வரும். இன்று பரிசோதனை என்றவுடன் இரத்தப் பரிசோதனையும் ஆய்வுகூடப் பரிசோதனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அன்றோ அச்சொல், ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளை ஆராய்ந்து, வழுக்களைந்து, மூலத்தைத் துணிதலாகிய பெரும்பணியைக் குறித்து நின்றது.

அப்பணியில் யாழ்ப்பாணத்தவர் முன்னின்றனர் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அவருடைய பதிப்புகள் சுத்தப்பதிப்புகள் எனப் பெயர்பெற்றன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். சுத்தம், பரிசோதனை என்னும் இரண்டு சொற்களும் இவ்வாறு எங்கள் மண்ணின் பதிப்புத்துறைச் சொற்களாயின.

கடந்த ஓராண்டாக இவ்விரு சொற்களையும் நான் வேறோரிடத்திலே கேட்டு வருகிறேன். விஞ்ஞானபீடத்திற் கணினி விஞ்ஞானம் பயிலும் என் தோழியொருத்தி, தனக்கு முன்னிருந்த மாணவர் சிலர் எழுதி விட்டுச்சென்ற சிறியதொரு வரைகலை நிரலகத்தைச் சுத்தஞ்செய்து பரிசோதிக்கும் வேலையை ஏற்றாள். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் என்னையும் துணைக்கு அழைத்தாள். "எனக்கு நிரல் எழுதத் தெரியும். ஆனால் எது பிழை எண்டு சொல்ல எனக்குத் தெரியாது" என்பது அவள் கூறிய காரணம்.

நிரலகம் என்பது, வேறு நிரல்கள் எடுத்தாளும் பொருட்டு முன்னரே எழுதிவைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுதி. கோடு வரைதல், வட்டம் வரைதல், நிறம் நிரப்புதல், எழுத்தைப் படமாக்குதல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதவேண்டியதில்லை. நிரலகத்தை அழைத்தாற் போதும். எங்கள் கையிற் கிடைத்த நிரலகத்தின் நோக்கம் குறுகியது. ஒரு தமிழ்ச் சொற்றொடரைக் கொடுத்தால் அதனைப் பழைய அச்சுத்தாள் போலத் தோன்றும் படமாக அது வரைந்து தரும். மை கசிந்த விளிம்பும் சற்றே சாய்ந்த வரியும் பழுப்பேறிய தாளும் அப்படத்தில் இருக்கும்.

பழைய தாளைப் போலப் புதிதாக ஒரு படம் எதற்கு என்று வாசகர் வினவலாம். அச்சிட்ட பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துகளை அறியும் நிரல்கள் உள்ளன. 1980களில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் தொடங்கப்பெற்று 2005 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட டெசெரக்ட் அவற்றுள் நன்கறியப்பட்டது. இத்தகைய நிரல்களுக்கு வாசிக்கக் கற்பிக்க வேண்டுமாயின், ஒரு சொல்லின் படத்தையும் அப்படத்தில் இருப்பது இன்ன சொல் என்னும் விடையையும் இலக்கக் கணக்கிற் கொடுத்தல் வேண்டும். அத்தனை படங்களைக் கையால் ஆக்க இயலாது. கணினியே வரைந்து கொடுக்கும். எனவே வரையும் நிரலகம் பிழையாக வரைந்தால், வாசிக்கும் நிரல் பிழையாகக் கற்கும்.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கமன்று. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. தப்பியவற்றை வீடுகளிலும் பாடசாலைகளிலும் வெளிநாடுகளிலும் தேடித் திரட்டி, 2005 முதல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இணையத்தில் இட்டுவருகின்றது. பழைய பத்திரிகைகளும் மலர்களும் அங்கே படங்களாக உள்ளன. படத்தைக் கண் வாசிக்கும். ஆனால் உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. என் தாயாரின் ஊர் மயிலிட்டி. அவருடைய குடும்பம் 1990 இல் இடம்பெயர்ந்தது. துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட 2017 இல் அவர் போய்ப் பார்த்தபோது, அடையாளம் சொல்வதற்கு வீடு இருக்கவில்லை. அம்மப்பா ஒரு கோயில் மலருக்குச் சில பாடல்கள் எழுதினார் என்று அம்மா சொல்வார். எந்த மலர், எந்த ஆண்டு என்பது அவருக்கு நினைவில்லை. அம்மலர் எங்கோ ஒரு படக்கோப்பாக இருக்கக்கூடும். 'மயிலிட்டி' என்று தட்டச்சிட்டுத் தேடுகிற பேரப்பிள்ளைக்கு, அச்சொல்லைத் தவறாகக் கற்ற பொறி 'இல்லை' என்றே விடையிறுக்கும். தேடியும் அகப்படாத நூலுக்கும் இல்லாத நூலுக்கும் தேடுபவருக்கு வேறுபாடு தெரியாது.

தமிழெழுத்தை வரைவதில் அப்படி என்ன சிக்கல்? அச்சுக்கோப்பவர் 'கொ' என்பதைக் கோக்கும்போது, முதலிற் கொம்பை வைப்பார், அடுத்துக் ககரம், இறுதியிற் கால். கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கே கையின் ஒழுங்கு. தட்டச்சுப்பொறியும் அவ்வாறே. இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவும் அவ்வழியிற் சென்றது. அதில் 'தமிழ்' என்று எழுதினால் கணினியின் நினைவிற் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஆங்கிலவெழுத்துத் தமிழ்வேடம் பூண்டு நின்றது எனலாம். 1991 இல் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. அதன் ஒழுங்கு கண்ணின் ஒழுங்கன்று, செவியின் ஒழுங்கு. ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகவே அது பதியும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று தொல்காப்பியர் நூன்மரபிற் கூறிய முறையும் இதுவே.

ஆகவே சேமிப்பது ஒலிமுறை. வரைய வேண்டியது வடிவமுறை. இரண்டுக்குமிடையே ஒருவர் கொம்பை முன்னே கொண்டுவந்து வைத்தல் வேண்டும். அவ்வேலையை இன்று பெரும்பாலும் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். பயர்ஃபொக்ஸ், குரோம், அன்ட்ரொயிட், லிப்ரே ஒஃபிஸ் ஆகியவற்றில் நாம் காணும் தமிழை ஒழுங்குபடுத்துவது அதுவே. ஆனால் படம் வரையும் நிரலகங்கள் எல்லாம் அதன் துணையை நாடுவதில்லை. பைதன் மொழியில் வழங்கும் பில்லோ என்னும் நிரலகத்தில் இருவழிகள் உள்ளன. எளிய வழி எழுத்துகளைச் சேமித்த ஒழுங்கிலேயே நிரையாக வைக்கும். மற்றது ஹார்ஃப்பஸைத் துணைக்கொள்ளும். எளிய வழியிற் 'கெ' எழுதினால், கொம்பு ககரத்துக்குப் பின்னே வந்து நிற்கும்.

இத்தகைய பிழையை நம்முட் பலர் கண்டிருப்பர். அண்மையில் ஒரு நிறுவனம் என் தம்பிக்கு வழங்கிய சான்றிதழில் 'கோ' எனத் தொடங்கும் அவன் பெயர் இவ்வாறு சிதைந்து வந்தது. அருகே ஆங்கிலத்தில் இருந்த பெயரில் ஒரு குறையும் இல்லை. அம்மா அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டவில்லை. அலுமாரிக்குள் மடித்து வைத்தார்.

இனி எங்கள் வேலைக்கு வருவோம். நிரலகத்தைத் திறந்து பார்த்தபோது, ஒரே காரியத்தைச் செய்யும் கூறுகள் மூன்று இடங்களில் இருந்தன. பெயர்கள் பொருளற்றிருந்தன. யாரோ எக்காரணத்தாலோ செயலற்றதாக்கிய வரிகள் நீக்கப்படாமற் கிடந்தன. இவற்றை உடனே வெட்டிக் களையவே எவர் கையும் துடிக்கும். ஆனால் தோழி முதலில் ஒரு விதியை வகுத்தாள்: சோதனை எழுதப்படாத எந்த வரியையும் தொடுதல் கூடாது. இன்ன உள்ளீட்டுக்கு இன்ன வெளியீடு என்று முதலில் எழுதிவைத்து, ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் அச்சோதனைகளை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். விடை மாறாதிருந்தாற் சுத்தஞ்செய்தோம், மாறினாற் கெடுத்தோம். பிரதிகளை ஒப்பிடாது தம் மனம்போனவாறு பாடந்திருத்திய பதிப்பாளர்களைப் பற்றி விரிவுரைகளிற் கேட்டிருந்த எனக்கு இவ்விதி புதிதாகத் தோன்றவில்லை.

சோதனைச் சொற்களைத் தொகுத்தல் என் பங்கு. முதலில் 247 எழுத்துகள், அவற்றோடு கிரந்தவெழுத்துகள். தனியெழுத்துகள் போதா, சொற்களும் வேண்டும் என்றபோது நான் எங்கள் குடாநாட்டின் ஊர்ப்பெயர்களையே எடுத்தேன். அவை எத்துணை நல்ல சோதனைகள் என்பது பின்னரே தெளிவாயிற்று. நெடுந்தீவும் வேலணையும் கொம்புகளைச் சோதிக்கும். கொக்குவிலும் கோண்டாவிலும் இருபுறமும் குறிபெறும் எழுத்துகளைச் சோதிக்கும். கைதடி, அளவெட்டி, மயிலிட்டி என்பன டகரத்தோடு ஒட்டி நிற்கும் இகரத்தைச் சோதிக்கும். வண்ணார்பண்ணை, பொன்னாலை, சுன்னாகம், தொண்டைமானாறு, சங்கானை என்பவற்றுக்கு வேறொரு சிறப்புண்டு. 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் 13 உயிர்மெய்கள் வடிவம் மாறின. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியனவும் ணொ, ணோ முதலான ஆறும் அவை. இலங்கையிற் பழைய வடிவங்கள் பின்னரும் சிலகாலம் வழங்கின. யூனிகோட்டில் இவ்விருவகை வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே. எவ்வடிவம் தோன்றும் என்பதை எழுத்துருவே தீர்மானிக்கும். பழைய அச்சுத்தாளை வாசிக்கக் கற்கும் பொறிக்கு அப்பழைய வடிவங்கள் இன்றியமையாதன.

முதல் ஓட்டத்திலேயே ஒரு குறை வெளிப்பட்டது. 'சுன்னாகம்' என்று கொடுத்தால் 'சுனனாகம' என்று படம் வந்தது. காரணம் தேடியபோது, படத்தின் உயரத்தை அந்நிரலகம் ஆங்கிலவெழுத்துகளின் உயரத்தைக் கொண்டே கணித்திருந்தமை தெரிந்தது. அவ்வுயரத்துக்கு மேலே நின்ற புள்ளிகள் வெட்டுண்டு போயின. 'ழு', 'று' என்பவற்றின் அடிப்பகுதியும் குறைந்து நின்றது. ஓலையில் எழுதியோர் ஏடு கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது விட்டனர். அவ்வேடுகளிற் குறில் நெடிற் கொம்புகளுக்கு வேறுபாடில்லை; காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆதலாற் 'பொது' என்பதும் 'போது' என்பதும் ஒரே தோற்றத்தோடு நிற்கும். இடம்நோக்கிப் பொருள்கொண்டே பதிப்பாளர் பாடந்துணிந்தனர். ஏகார ஓகாரங்களுக்குத் தனிவடிவம் தந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். இத்துணை நூற்றாண்டுகளிற் படிப்படியாகப் பெற்ற தெளிவை, உயரக்கணக்கில் நேர்ந்த ஒரு சிறுகுறை ஒரு நொடியில் நீக்கிவிட்டது.

இரண்டாவது, நீக்குவதா வைப்பதா என்னும் விவாதம். நிரலகத்தின் நடுவே நாற்பது வரிகள் கொண்ட ஒரு கூறு இருந்தது. 'கொ' என்பதை இருவகையாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றை இடலாம், அன்றிக் கொம்பையும் காலையும் தனித்தனி இடலாம். இரண்டும் ஒன்றே என யூனிகோட் விதி கூறும். அந்நாற்பது வரிகள் இரண்டாம் வகையை முதல்வகையாக மாற்றின. ஹார்ஃப்பஸ் இருவகையையும் ஒரேபடியாக வரைவதால் அவை வீண் என்று தோழி கருதினாள். நீக்கி ஓட்டினாள், படங்களில் ஒரு புள்ளியும் மாறவில்லை. ஆனால் நான் படத்துக்கு மட்டுமன்றி, படத்தோடு செல்லும் விடைக்கும் சோதனை எழுதச் சொல்லியிருந்தேன். அச்சோதனைகள் தோற்றன. வடிவம் ஒன்றாயிருக்க, விடை இரண்டாயிற்று. ஒரே படத்துக்கு ஒருநாள் ஒரு விடையும் மறுநாள் வேறு விடையும் சொல்லும் ஆசிரியரிடம் எந்த மாணவர் கற்பார்? வரிகளைத் திரும்ப வைத்தோம். அவற்றின் தொழில் இன்னதென்று மேலே ஒரு குறிப்பும் எழுதினோம்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஔகாரக்குறியின் பிற்பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. 'பௌர்ணமி' என்பதைப் பலர் கொம்பு, பகரம், ளகரம் என்று தட்டச்சிடுகின்றனர். திரையிற் பிழை தெரியாது. தேடும்போது சொல் அகப்படாது. இவ்விடத்து விதியொன்றை எழுதிப் பொறியிடம் ஒப்படைக்க இயலவில்லை. ஏனெனில் 'பெள' என்னும் தொடர் வேறு சொற்களிலும் வரக்கூடும். சொல்லறிந்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். நான் பார்த்தேன்.

மூன்றாவதே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. சோதனைகள் யாவும் தேறிய பின்னர், படங்களைத் தாளில் அச்சிட்டு எங்கள் அயலவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். யாழ்ப்பாண நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சுக்கோத்து ஓய்ந்தவர் அவர். பூதக்கண்ணாடியால் வரிவரியாகப் பார்த்தார். ஈயவெழுத்தைத் தலைகீழாக வாசித்த பழக்கத்தால், தாளையும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். 'வண்ணார்பண்ணை'யில் விரல் நின்றது. "பிள்ளையள், இந்த 'ணா' புது எழுத்து. பக்கத்திலை நிக்கிற 'ணை' பழைய எழுத்து. எங்கடை பெட்டியிலை ரெண்டும் ஒண்டாக் கிடவாது" என்றார்.

அவர் கூறியது உண்மை. நாங்கள் கொண்ட எழுத்துருவில் ஐகாரத்துக்குப் பழைய வடிவங்கள் இருந்தன, ஆகாரத்துக்கு இருக்கவில்லை. சோதனைகள் இதனைக் கண்டுகொள்ளாமைக்குக் காரணம் எளிது. எதிர்பார்க்கும் படம் என்று நிரலகத்தில் முன்னரே வைக்கப்பட்டிருந்த மாதிரிப் படங்களும் அதே எழுத்துருவால் ஆனவை. ஒரு மூல ஏட்டைப் பார்த்தெழுதிய நூறு பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், மூலத்தின் பிழை ஒருபோதும் வெளிப்படாது; நூறும் ஒருமுகமாகப் பிழையையே சாதிக்கும். வேறு வழிவந்த பிரதியொன்று வேண்டும். தாமோதரம்பிள்ளை போன்றோர் பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் தேடி அலைந்தது இதன்பொருட்டன்றோ? எங்களுக்கு வேறு வழிவந்த பிரதியாக அமைந்தது அம்முதியவரின் கண். அதன்பின் மாதிரிப் படங்களைப் பழைய அச்சுப் பக்கங்களோடு நேரே ஒப்பிட்டு ஆக்கினோம், எழுத்துருவையும் மாற்றினோம்.

தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று உறவினர் கேட்கும்போது, பட்டமும் ஆசிரிய நியமனமுமே நாம் கூறும் விடைகளாக இருந்துவருகின்றன. அவ்விடைகளை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கணினியிலே தமிழை ஆள்வோர் பலர் தமிழெழுத்தின் வரலாற்றைக் கற்றவரல்லர். அதனைக் கற்ற நாமோ கணினியை விஞ்ஞானபீடத்தாரின் உடைமை என்று விலகி நிற்கிறோம். பொறி ஒப்பிடும், கணக்கிடும், பத்தாயிரம் படங்களைச் சலியாது நோக்கும். எதனோடு ஒப்பிடல் வேண்டும் என்பதை மட்டும் அதற்கு ஒருவர் சொல்லல் வேண்டும். அதைச் சொல்வதற்குரிய புலமை யாப்பிலும் இலக்கணத்திலும் ஏட்டுச்சுவடியிலும் பழகியவரிடம் உள்ளது.

வேலை முடிந்துவிடவில்லை. சுத்தஞ்செய்த நிரலகத்தால் ஆக்கிய படங்களைக்கொண்டு வாசிக்கும் பொறியைப் பயிற்றும் பகுதி இனிமேற்றான் தொடங்கவுள்ளது. அதற்கு முன்னர் எங்கள் மாதிரிப் பக்கங்கள் பெருகுதல் வேண்டும். ஆதலால் இவ்விதழை வாசிக்கும் விரிவுரையாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் 1978 க்கு முற்பட்ட கோயில் மலரோ கல்வெட்டோ பாடசாலைச் சஞ்சிகையோ இருப்பின், அச்சகத்தின் பெயர் தெரியும் பக்கத்தோடு ஒரு படமெடுத்துத் தாருங்கள். கிழிந்திருந்தாலும், மை பரவியிருந்தாலும் குற்றமில்லை. அத்தகைய பக்கங்களே எங்களுக்கு மிகவும் வேண்டியவை.